வெறுங்கால்: இல்லாமை, மறுப்பு, துறப்பு

1

செருப்பு நமக்கு வெறும் பண்டமில்லை. ஆகவே செருப்பைப் பற்றி எந்த மூலையில் யார் பேசினாலும் நமக்குக் காது அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. 'போடாதே' என்று சொன்ன குரலை நாம் அறிவோம். அது ஊர்த்தெருவிலிருந்து வந்த குரல். இப்போது 'போடாமல் இருப்பதுதான் நல்லது' என்று இன்னொரு குரல் கேட்கிறது. இது ஊர்த்தெருவிலிருந்து வரவில்லை. மராத்தான் ஓட்டக்காரர்களிடமிருந்தும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலிருந்தும் ஷூ கம்பெனிகளிடமிருந்தும் வருகிறது.

மெத்தை வைத்த ஷூ காலைக் கெடுத்துவிட்டது, மனிதன் வெறுங்காலோடு நடக்கப் பிறந்தவன், போட்டே ஆகவேண்டுமானால் வெறுங்கால் மாதிரியே இருக்கிற ஷூவைப் போடு என்கிறார்கள். 'வெறுங்கால் ஷூ' என்றே அதற்குப் பெயர். அடிப்பாகம் சில மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். குதிகால் தூக்கி நிற்காது, முன்காலும் பின்காலும் ஒரே மட்டம். விரல்கள் நெருக்குப்படாமல் விரிந்து கிடக்க முன்பக்கம் அகலமாக விட்டிருப்பார்கள். கையில் சுருட்டினால் பாய் மாதிரி சுருளும். விலை மட்டும் பல ஆயிரம்.

இதைப் பற்றி நண்பர்கள் நடுவே பேச்சு வந்தபோது இரண்டு விதமான கருத்து வந்தது. "காசு கொழுத்தவன் விளையாட்டு, நமக்கென்ன?" என்றார் ஒருவர். "இல்லைங்க, இது நம்ம சனத்தோட நடை. நம்ம அறிவை அவன் பொட்டியில போட்டு விக்கிறான்" என்றார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். காலுக்கு ஒரு பொருள் நன்மையா தீமையா என்ற கேள்விக்கு, அந்தக் கால் யாருடையது என்று கேட்காமல் பதில் சொல்ல முடியுமா? இதுதான் என் கேள்வி.

2

முதலில் அவர்கள் சொல்வதை நேர்மையாகக் கேட்போம்.

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்தும் தசைகளும் நார்களும் உழைத்தால்தான் பாத வளைவு நிற்கும். அந்த உழைப்பை ஷூவின் மெத்தையும் முட்டுக்கொடுப்பும் எடுத்துக்கொண்டால் தசை சோம்பிப்போகும் என்கிறார்கள். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. கர்நாடகத்தில் மணிப்பால் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இரண்டு மருத்துவர்கள் 4 வயது முதல் 13 வயது வரையுள்ள 2300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்து 1992இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். விரலை மூடிக் கட்டுகிற ஷூ போட்டவர்களிடம்தான் இது அதிகம். திறந்த செருப்புப் போட்டவர்களிடம் குறைவு.

2010இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் லிபர்மன் குழுவினர் இன்னொன்றைச் சொன்னார்கள். மெத்தை ஷூ போட்டு ஓடுகிறவர்கள் பெரும்பாலும் குதிகாலைத் தரையில் அடித்து இறங்குகிறார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தால் இறங்குகிறார்கள், இடி குறைகிறது. இதனால் காயம் குறையும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் விற்கிறவர்களுக்கு அந்த வேறுபாடு எதற்கு?

இதற்கு ஒரு வருடம் முன்னால், 2009இல், கிறிஸ்டோபர் மக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' என்ற புத்தகம் வந்தது. மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரிப் பழங்குடிகள் நெடுந்தூரம் ஓடுவதைப் பற்றிய புத்தகம். அதைப் படித்துவிட்டுத்தான் பல ஊர்களில் ஆட்கள் ஷூவைக் கழற்றினார்கள். ஆனால் ராராமுரிகள் வெறுங்காலில் ஓடுகிறவர்கள் இல்லை. பழைய வண்டி டயரை வெட்டி, வாரைக் கோத்து, காலில் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் விற்ற டயர் செருப்பேதான். கல்லுக்காட்டில் வேலை செய்தவன், மூட்டை தூக்கியவன், ரிக்சா இழுத்தவன் எல்லாம் அதைத்தான் போட்டான். அதைப் போட்டதற்காக அவனை யாரும் இயற்கையின் பிள்ளை என்று கொண்டாடவில்லை.

3

கெடுதல்களும் சிறியவை இல்லை.

மெத்தை ஷூவில் இருபது முப்பது வருடம் வளர்ந்த கால், ஒரு நாளில் மெல்லிய ஷூவுக்கு மாறினால் தாங்காது. கெண்டைக்கால் தசை இழுக்கும், குதிநரம்பு வீங்கும், பாத எலும்பில் விரிசல் விழும். 2013இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில் அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 19 பேரைப் பத்து வாரத்தில் இப்படி மாறச் செய்தார்கள். 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் நீர்கோத்தது. மெதுவாக, மாதக்கணக்கில் பழக வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்து ஷூ விற்ற விப்ரம் கம்பெனி, காலைப் பலப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக வழக்கைச் சந்தித்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்துகொண்டது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெறுங்கால் வாதத்தின் உயிர்நாடியே 'தரையை உணர்' என்பதுதான். பாதம் தரையை உணர்ந்தால் உடம்பு தானே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பது கணக்கு. சரி, உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு? சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும் தொழுநோயால் நரம்பு செத்தவர்களுக்கும் ஆணி ஏறினாலும் தெரியாது. புண் வைத்து, அழுகி, காலை எடுக்கிற வரைக்கும் போகும். வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் கரிகிரி மருத்துவமனையிலும் பால் பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் தொழுநோயாளிகளின் காலைக் காப்பாற்ற வழி தேடியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது மிருதுவான நுண்துளை ரப்பர் வைத்த செருப்பு. அந்தச் செருப்புதான் பல பேருக்குக் காலை மிச்சம் வைத்தது.

அப்புறம், எந்தத் தரை? பூங்காவின் புல்தரையா, வீட்டுக்குள் பதித்த மொசைக்கா? நம் சனம் மிதித்த தரை வேறு. மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. போய் ரத்தத்தைக் குடிக்கிறது. நம் பெண்களின் சோகை பாதி தட்டில், பாதி தரையில். நடவு நட்டுக் களை எடுத்த பெண்களின் விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறியதே கிடையாது. எத்தியோப்பியாவின் மேட்டுநிலங்களில் எரிமலைச் செம்மண்ணில் காலமெல்லாம் வெறுங்காலோடு உழுத ஏழை விவசாயிகளுக்குக் கால் யானைக்கால் போல வீங்குகிறது. கிருமி எதுவும் இல்லை. மண் துகள்தான் காரணம். சின்ன வயதிலிருந்தே செருப்புப் போட்டிருந்தால் வராது.

சாக்கடைக்குள் இறங்குகிறவரிடம் போய்த் தரையை உணருங்கள் என்று யார் சொல்வார்கள்? அவர் உணர்ந்தது போதும். அவருக்குக் கொடுக்க வேண்டியது முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸ் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். அவரை அந்தக் குழிக்குள் இறக்கவே கூடாது.

4

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

வெறுங்கால் என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். நான் பார்த்த அளவில் அது மூன்று. ஒன்று இல்லாமை: வாங்கக் காசில்லை. இரண்டு மறுப்பு: காசு இருக்கிறது, செருப்பும் இருக்கிறது, ஆனால் போடக்கூடாது. மூன்று துறப்பு: இருக்கிறது, போடலாம், நானாகக் கழற்றி வைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கால். புகைப்படம் எடுத்தால் வித்தியாசம் தெரியாது.

வர்க்கம் மட்டும் பேசும் தோழர்கள் முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். கூலி உயர்ந்தால் செருப்புத் தானாக வரும் என்பார்கள். எங்கய்யன் செருப்புத் தைக்கிறவர். அவர் செருப்பில்லாமல் நடந்ததற்கு இல்லாமையைக் காரணம் சொல்ல முடியாது.

கொங்குப் பக்கம் எங்கள் ஊர். கவலை இறைக்கப் பறி தைப்பது, பண்ணாடி வீட்டுக்குச் செருப்புத் தைப்பது, செத்த மாடு தூக்குவது, இதெல்லாம் எங்கள் வளவுக்கு விதித்த வேலை. வருசத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்று கணக்கு. செருப்புக்கு அளவெடுக்க வேண்டுமென்றால் பதப்படுத்திய தோலை வாசலில் விரித்துவிட்டு எங்கய்யன் தள்ளி நிற்பார். பண்ணாடி வந்து அதன்மேல் ஏறி நிற்பார். "சாமி, கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று சொல்லி, குனிந்து, கரித்துண்டால் பாதத்தைச் சுற்றி ஒரு கோடு இழுப்பார். கை பாதத்தில் படக்கூடாது. பட்டால் அவர் குளிக்க வேண்டும். கரி படலாம், தோல் படலாம், நாளைக்கு அந்தச் செருப்பே நாளெல்லாம் அவர் காலில் கிடக்கலாம். அதைத் தைத்த கைமட்டும் படக்கூடாது.

பாதத்தின் வடிவத்திலேயே ஷூ இருக்க வேண்டும், விரலை நெருக்கக் கூடாது என்று இன்று விஞ்ஞானம் பேசுகிறார்களே, அந்தக் கரிக்கோடு அதைத்தான் செய்தது. கட்டைவிரல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வளையம் வைப்பார். அந்த அறிவு எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படிச் சொல்லிப் பெருமைப்படும்போது, அந்தக் கரிக்கோடு எந்த வாசலில், எந்த முதுகு வளைந்து இழுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவருக்கென்று ஒரு ஜோடி வைத்திருந்தார். வளவிலிருந்து இட்டேரி வழியாகப் போட்டுக்கொண்டு போவார். ஊர் எல்லை வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஊரைத் தாண்டி மறுபக்கம் வந்தபிறகு போட்டுக்கொள்வார். வெயில் கொதிக்கிற சித்திரை மாசத்திலும் அப்படித்தான். சந்தைக்குப் போனால் நாள் முழுக்கச் செருப்போடு இருப்பார். சந்தையில் அவர் நடையே வேறு. எங்கம்மா செருப்புப் போட்டது ஐம்பது வயசுக்கு மேலே, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக. செருப்புத் தைக்கிறவன் பெண்டாட்டி. ஆண் கழற்றிக் கையிலாவது பிடித்துக்கொண்டான். பெண்ணுக்கு ஒரு ஜோடி தைக்க வேண்டும் என்ற நினைப்பே வளவுக்குள் யாருக்கும் வரவில்லை. இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. 1930இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் நம் மக்கள்மீது எட்டுத் தடைகள் விதித்ததை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது. பெண்கள் மேலுடை அணியக்கூடாது. அந்தப் பட்டியலின் எட்டாவது தடை: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. எட்டு வருசத்துக்கோ பத்து வருசத்துக்கோ முடிந்துபோன கதையும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, பொது இடத்தில் செருப்புப் போடுவதைத் தடுப்பதும் குற்றம் என்று தனியாகச் சொல்லி எழுத வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் நம் மக்கள் அறுபது பேர், அதுவரை செருப்போடு போக முடியாதிருந்த ஒரு தெருவில் செருப்புப் போட்டு நடந்தார்கள். முந்நூறு மீட்டர் தெரு அது. அந்த முந்நூறு மீட்டர் நடக்க இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். ராமன் காட்டுக்குப் போனபோது அவன் பாதுகை பதினாலு வருசம் சிம்மாசனத்தில் உட்கார்ந்து அரசாண்டது. அந்தப் பாதுகையைப் போற்றி வேதாந்த தேசிகர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகம் எழுதினார். ஆக, செருப்பு இழிவான பொருள் இல்லை. அது சிம்மாசனத்தில் உட்காரலாம், சுலோகத்தில் உட்காரலாம். எங்கள் காலில் மட்டும் உட்காரக்கூடாது.

5

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் வரும். நாகரிகமாகத்தான் வரும். "நடந்தது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விஞ்ஞானப்படி பார்த்தால் உங்கள் ஆட்களின் காலுக்கு நல்லதுதானே நடந்திருக்கிறது? தட்டைப்பாதம் இல்லை, விரல் விரிந்திருக்கிறது, வளைவு உறுதியாக இருக்கிறது."

அந்த விரிந்த விரலைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் 'சக்கிலிக் கால்' என்று எங்களைக் கேலி செய்தார்கள். இன்று அதே விரிந்த விரலுக்கு ஆயிரக்கணக்கில் காசு. இது ஒரு பக்கம் இருக்கட்டும். வாதத்துக்கே பதில் சொல்கிறேன்.

பட்டினி கிடந்தவன் உடம்பில் கொழுப்பு குறைவாக இருக்கும். அதற்காகப் பட்டினி போட்டவன் அவனுக்கு வைத்தியம் பார்த்தான் என்று சொல்வோமா? கரும்புத் தோட்டத்து அடிமையின் புஜம் முறுக்கேறி இருந்தது. அது தோட்டத்து முதலாளி கொடுத்த தானமா? ஒரு கொடுமையின் ஊடாக உடம்பு எதையாவது சம்பாதித்திருந்தால், அது அந்த உடம்பு தானே போராடிச் சம்பாதித்தது. கொடுமைக்கு அதில் பங்கு கிடையாது. உறுதியான பாதம் என்று எண்ணும்போது, அதே தெருவில் முள் ஏறிச் சீழ்பிடித்த பாதத்தையும் கொக்கிப்புழு ஏறிய பாதத்தையும் அந்தக் கணக்கில் யார் எழுதினார்கள்?

என் அளவுகோல் இதுதான். ஒரு பொருள் எனக்கு நன்மையா என்று கேட்குமுன், அதை நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்க வேண்டும். மறுக்க முடியாதவனுக்குச் செய்யப்படும் நன்மை நன்மைக் கணக்கில் வராது. அது சரியான மருந்தாகவே இருந்தாலும், வாயைப் பிளந்து ஊற்றியவனுக்கு வைத்தியன் என்று பெயர் இல்லை.

1921 செப்டம்பரில் காந்தி மதுரையில்தான் சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறினார். ஏழை மக்களைப் போல் உடுத்துவது என்பது அவர் முடிவு. நாடே கையெடுத்துக் கும்பிட்டது. ஒன்பது வருசம் கழித்து, மதுரைக்குப் பக்கத்திலேயே, சட்டை போடாதே, முழங்காலுக்குக் கீழே கட்டாதே என்று நம்மவர்களுக்குத் தடை வருகிறது. உடை ஒன்றேதான். அங்கே அது துறப்பு, மகாத்மா பட்டம். இங்கே அது மறுப்பு, மீறினால் அடி. காந்தி தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, தன்னைச் சிறையில் போட்ட ஸ்மட்ஸுக்கே ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அந்தச் செருப்பு இன்றைக்கும் வரலாறாகப் பேசப்படுகிறது. அதே தொழிலைப் பிறப்பால் செய்தவன் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் ஷூவுமாக நின்றதை ஆடம்பரம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். துறப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அம்பேத்கருக்குப் புரிந்திருந்தது.

எனக்குப் பிடித்த கால் அபெபெ பிகிலாவின் கால். எத்தியோப்பியாக்காரர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் கொடுத்த ஷூ காலுக்குப் பொருந்தவில்லை என்று வெறுங்காலில் மராத்தான் ஓடித் தங்கம் வாங்கினார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். வெறுங்கால் வாதம் பேசுகிறவர்கள் ரோமை மட்டும் சொல்கிறார்கள், டோக்கியோவை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்துதான் பிகிலா. போடுவதா கழற்றுவதா என்பது அவர் காலுக்கும் அன்றைய பாதைக்கும் நடுவே நடந்த விஷயம். மூன்றாவது ஆள் அங்கே இல்லை.

6

'கோயிலில் எல்லோரும் கழற்றுகிறோமே, அதில் என்ன இழிவு?' என்று கேட்பார்கள். எல்லோரும் கழற்றுகிற இடத்தில் நானும் கழற்றுவேன். எதிரே இருப்பவன் காலில் செருப்பு இருக்கும்போது நான் கழற்றினால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை.

ஆகவே நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெறுங்கால் ஷூவை வெறுக்க வேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நம் பெண்கள் பகலெல்லாம் குனிந்து தைக்கிற ஷூவில் எது காலுக்கு நல்லது என்று தெரிந்துகொள்வது நமக்கு அவமானமில்லை. கூர்முனை ஷூ விரலை நசுக்குகிறது என்பது உண்மை. அகலமான முன்பக்கமுள்ள ஷூவைத் தேடி வாங்குங்கள். மெல்லிய அடி வேண்டுமென்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். சர்க்கரை உள்ளவர்களும் பாதம் மரத்தவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம். சுத்தமான தரை கிடைத்தால் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடட்டும், அது அவர்கள் காலுக்கு நல்லது. ஆனால் சுத்தமான தரையை முதலில் சேரிக்குக் கொண்டு வாருங்கள். அரசுப் பள்ளியில் கொடுக்கும் விலையில்லாக் காலணி நம் பிள்ளைகளின் அகலமான காலுக்குப் பொருந்துகிறதா என்று போய்ப் பாருங்கள். பொருந்தாவிட்டால் கேளுங்கள். அதுவும் போராட்டம்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். செருப்பைக் கழற்றச் சொல்லும் குரல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும், சாதியின் பெயரில் வந்தாலும் இயற்கையின் பெயரில் வந்தாலும், அதை நம் காலில் வைத்துப் பார்க்கும் உரிமை நமக்கு வேண்டும். எந்தத் தெருவிலும் தடையில்லாமல் போட்டு நடந்த பிறகு, வேண்டாம் என்று நம்மில் ஒருவர் கழற்றினால் அதை யாரும் குறை சொல்ல மாட்டோம். அந்த வரிசை மாறக்கூடாது.

செருப்புக்கு இன்னும் எழுதப்படாத வரலாறு நம் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. தோழர்கள் எழுத வேண்டும். குறிப்பாகப் பெண்கள் எழுத வேண்டும். அவர்கள் காலில் முதல் செருப்பு எப்போது ஏறியது, யார் வாங்கிக் கொடுத்தார்கள், எந்தத் தெருவில் கழற்ற வேண்டியிருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.